கம்பிர் முதல் கொக்கோ வரை: ஜொகூரின் துவர்ப்பு வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் அரசுச் சின்னத்தில் பிறையும் நட்சத்திரங்களும் இருப்பது பலருக்கும் தெரியும். அங்கே இலைக்கொடிகளும் உண்டு. அவை எந்தச் செடியின் இலைகள் என்று கேட்டால் உடனே பதில் வருவதில்லை. ஒன்று மிளகு, மற்றொன்று கம்பிர். மிளகை எந்தத் தமிழ் வீட்டுக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பிரோ, இந்த மாநிலத்தைக் கட்டி எழுப்பிய பயிர் என்று சொல்லத்தக்க அளவுக்கு ஒரு காலத்தில் விளைந்து, பிறகு ஏறத்தாழச் சுவடில்லாமல் மறைந்துபோனது.

கொக்கோவைப் பற்றிய பேச்சில் கம்பிருக்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். கொக்கோ விதைக்குள் இருக்கும் நன்மை தரும் பொருள்கள் என்று இன்றைய மருத்துவ உலகம் குறிப்பிடுபவையும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஜொகூர் ஆறுகளின் வழியே மூட்டை மூட்டையாக வெளியேறிய சரக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்பிரில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து விற்றார்கள். கொக்கோவில் அதைப் பெரும்பாலும் போக்கிவிட்டுத்தான் விற்கிறார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் ‘சாக்லெட் உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சை எடைபோட முடியாது.

காங்சூக்களின் காலம்

1844ஆம் ஆண்டு முதல், ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராகிம், சிங்கப்பூரிலிருந்து வந்த சீனப் பயிரிடுவோருக்கு ஆற்றுப் பத்திரங்களை வழங்கத் தொடங்கினார். ‘சூராட் சுங்கை’ என்பது அதன் பெயர். ஓர் ஆற்றங்கரை நிலத்தைத் திருத்திப் பயிரிடும் உரிமை அதில் எழுதிக் கொடுக்கப்பட்டது. உரிமை பெற்ற தலைவர் காங்சூ. அவருடைய குடியிருப்பு கங்கார். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்களில் அந்தக் காலம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரின் சுவா சூ காங், இயோ சூ காங் ஆகிய பெயர்களும் அதே வழி வந்தவைதாம்.

மிளகும் கம்பிரும் பக்கத்தில் பக்கத்தில் பயிரிடப்பட்டன. கம்பிரின் இலையையும் இளந்தண்டையும் பறித்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்கள். நீர் சுண்டிக் குழம்பாகும், ஆறினால் இறுகும். அதைக் கட்டிகளாக அறுத்துக் காயவைப்பார்கள். கொதித்த சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொப்பரை அடுப்புக்கு விறகு வேண்டுமே! தோட்டத்தைச் சுற்றியிருந்த காடு அடுப்புக்குள் போனது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் சோர்ந்துவிடும். பயிரிடுவோர் அடுத்த நிலத்தைத் தேடுவார்கள். சுல்தான் அபு பாக்கார் காலத்தில் ஜொகூர் அரசின் வருமானத்துக்கு முதுகெலும்பாக விளங்கிய இந்த முறை, ரப்பர் வந்ததும் தளர்ந்து, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

அந்தக் கட்டிகளை வாங்கியவர்கள் யார்? பெரும்பகுதி ஐரோப்பாவின் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போனது. சிறுபகுதி வெற்றிலை போடுவோரிடம் போனது. தமிழ் வீட்டு வெற்றிலைச் செல்லத்தில் இருந்த காசுக்கட்டி, கருங்காலி மரத்தின் சாரம். மலாய்க்காரர்களின் வெற்றிலைத் தட்டில் இருந்தது கம்பிர். மரம் வேறு, துவர்ப்பு ஒன்று. 1821ஆம் ஆண்டு, காப்பியிலிருந்து காஃபீனைப் பிரித்த அதே ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ருங்க, காசுக்கட்டியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் கேட்டசின். காசுக்கட்டியை ஐரோப்பியர் ‘கேட்டச்சு’ என்று அழைத்தனர். அந்தச் சொல் மலாய் மொழியின் ‘காச்சு’விலிருந்து வந்தது என்று அகராதிகள் கூறும். தமிழின் காசுக்கட்டியும் அதன் உறவுச்சொல் போலவே ஒலிக்கிறது. ஆக, இன்று விலை உயர்ந்த சத்து மாத்திரைப் புட்டிகளில் அச்சாகும் பெயர், வெற்றிலைத் தட்டிலிருந்து புறப்பட்டுப் போன பெயர்.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணுவது தமிழ் மரபு. வேதியியல் அதை வேறுவிதமாக விளக்குகிறது. இந்தப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றி இறுக்குகின்றன. வாய் வறண்டு உள்ளே இழுப்பதுபோல் தோன்றுவது அதனால்தான். மாட்டுத்தோலின் புரதத்தை இறுக்கி, அழுகாத செருப்புத் தோலாக்குவதும் இதே வேலைதான். செடியின் பக்கம் நின்று பார்த்தால் இது ஒரு தற்காப்பு. தின்ன வரும் பூச்சியின் வாயிலும் குடலிலும் இருக்கும் புரதத்தை இறுக்கிவிட்டால், அது மறுபடி வாய் வைக்கத் தயங்கும்.

விதைக்குள் தனி அறை

கொக்கோ மரம் அமெரிக்கக் கண்டத்தின் மழைக்காட்டில் பிறந்தது. அதன் காய் நேராகத் தண்டிலிருந்தே தொங்கும். உடைத்தால் உள்ளே முப்பது நாற்பது விதைகள். ஒவ்வொன்றையும் சுற்றி இனிப்பும் புளிப்பும் கலந்த வெள்ளைச் சதை. குரங்கு காயைக் கடித்துத் திறக்கும்; சதையைச் சப்பும்; விதையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும் வாயைப் பிடிக்கும். துப்பிவிடும். துப்பிய இடத்தில் ஒரு மரம் முளைக்கும். மரம் விரும்பியதும் அதுதான். இனிப்பைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, விதைக்குக் காவலும் போட்டிருக்கிறது.

பச்சை விதையைக் கத்தியால் நறுக்கினால் அடர்ந்த ஊதா நிறம் தெரியும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அந்த ஊதா எங்கும் பரவிக் கிடக்கவில்லை என்பது புரியும். பருப்பில் உள்ள செல்களில் பெரும்பாலானவை வெளிறியவை. முளைக்குத் தேவையான கொழுப்பும் புரதமும் மாவுச்சத்தும் அவற்றில் நிறைந்திருக்கும். காய்ந்த பருப்பின் எடையில் பாதி அளவு கொழுப்புதான். அதுவே கொக்கோ வெண்ணெய். இவற்றுக்கு இடையே, பத்தில் ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில் ஊதாச் செல்கள் சிதறியிருக்கும். ஒவ்வோர் ஊதாச் செல்லின் நடுவிலும் ஒரு பெரிய திரவப் பை. துவர்ப்புப் பொருள்களும், கசப்பான தியோபுரோமினும், சிறிது காஃபீனும் அந்தப் பையில் அடைத்து வைக்கப்பட்டுள்ளன. சாப்பாடு ஓர் அறையில், காவல் இன்னோர் அறையில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் தனி அறை? வாழைப்பூ ஆய்ந்த எந்தத் தாய்க்கும் இதற்கான விடை தெரியும். நறுக்கிய பூவை அப்படியே விட்டால் கறுத்துப்போகும். மோர் கலந்த தண்ணீரில் போட்டால் வெளுப்பாக நிற்கும். துவர்ப்புப் பொருளும் அதை மாற்றும் நொதியும் செல்லுக்குள் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, காற்றின் பிராணவாயு சேர்ந்ததும் கறுக்கிறது. மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. கத்தரிக்காயிலும் இதேதான். தேயிலைத் தோட்டத்தில் பச்சை இலையைக் கசக்கி வைத்தால் செம்பழுப்பாக மாறுவதும் இந்தக் கலப்பால்தான். கொக்கோ விதை உயிரோடு இருக்கும்வரை அதன் அறைகள் மூடியே இருக்கும்.

அறைக்குள் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1841ல் ரஷ்ய அறிஞர் வொஸ்கிரெசென்ஸ்கி தியோபுரோமினைப் பிரித்தார். 1932ல் ஜெர்மானியர் ஃபிராய்டன்பெர்க்கும் உடன் உழைத்தவர்களும் கொக்கோவின் கேட்டசின் வகையை ஆராய்ந்து வெளியிட்டனர். காசுக்கட்டிப் பொருளின் மிக நெருங்கிய உறவான எபிகேட்டசின் அது. 1950களில் டிரினிடாட் தீவில் ஃபோர்சைத் என்ற ஆய்வாளர், வடிதாளின் மேல் பொருள்களைப் பிரித்துக் காட்டும் புதிய முறையால் முழுப் பட்டியலைத் தந்தார். அதில் ஒரு வியப்பு இருந்தது. கண்ணைப் பறிக்கும் ஊதா நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின், துவர்ப்புப் பொருள்களில் நூற்றுக்கு நான்கு பங்குதான். மீதி அனைத்தும் நிறமற்றவை. கேட்டசின் வகைகளும், அவை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகளும். பிற்காலத்தில் ‘கொக்கோ ஃபிளவனால்’ என்று மருத்துவ உலகம் பெயர் சூட்டியது இவற்றுக்குத்தான்.

தென்னைக்கு அடியில்

கொக்கோ விதைக்கு உறக்கம் கிடையாது. நெல்லைப் போலக் காயவைத்து ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். கடல் கடந்து அதை உயிரோடு கொண்டுபோவது கப்பல்காரர்களுக்குப் பெரும்பாடு. அப்படியிருந்தும் டச்சு ஆட்சியில் இருந்த மலாக்காவில் 1778லேயே கொக்கோ நடப்பட்டது என்று மலேசியக் கொக்கோ வாரியத்தின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1798ல், கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளின் அம்போயினாவிலிருந்து கொக்கோவைக் கொண்டுவந்து தமிழகத்தின் குற்றாலத்தில் நட்டனர். அது கிரியோல்லோ என்னும் வகை. அதன் விதை ஊதாவாக இராது, வெளுத்தே இருக்கும், துவர்ப்பும் குறைவு. குற்றாலச் சாரலில் கொக்கோ ஒரு தோட்டப் பயிராக வளரவில்லை. தமிழகத்தில் அது உழவர்களின் பயிரானது பிற்காலத்தில், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் நிழலில்.

மலாயாவில் 1936 முதல் 1940 வரை செர்டாங், செராஸ், தெமர்லோ ஆகிய இடங்களில் சோதனைப் பயிர் நடந்தது. பிறகு போர். அதன்பின் 1950களில் திரங்கானுவின் ஜெராங்காவில் 403 ஹெக்டேரில் வணிக முறையில் கொக்கோ நடப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் அமெலொனாடோ வகை அது. நல்ல ஊதா விதை. 1960ல் சபாவின் தாவாவ் அருகே குவோய்ன் ஹில்லிலும் நடவு தொடங்கியது.

1970களில் உலக விலை ஏறியதும் கொக்கோ எங்கும் பரவியது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில், பேராவின் பாகான் டத்தோ முதல் ஜொகூரின் பத்து பகாட், பொந்தியான் வரை, களிமண் நிலத்துத் தென்னை வரிசைகளுக்கு இடையே அது நடப்பட்டது. தென்னையின் நிழல் கொக்கோவுக்குப் பிடிக்கும்; ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். சிறுதோட்டக்காரர்களோடு பெரிய தோட்ட நிறுவனங்களும் ரப்பர், செம்பனை நடுவே கொக்கோவுக்கு இடம் ஒதுக்கின. அங்கே தமிழ்த் தொழிலாளர்களின் கைக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. பால் வெட்டு, செம்பனைக் குலை வெட்டு என்ற பழக்கத்துக்கு நடுவே, காயைக் காயப்படுத்தாமல் அறுப்பது, உடைப்பது, சதையோடு விதையை அள்ளிப் பெட்டியில் கொட்டுவது என்ற புதிய பழக்கம். அந்தப் பெட்டிக்குள் நடந்ததுதான் இந்தக் கதையின் மையம்.

1980ல் நாட்டின் உற்பத்தி நாற்பதாயிரம் டன்னை எட்டவில்லை. 1990ல் அது 247,000 டன். 1989ல் 414,000 ஹெக்டேர் நிலத்தில் கொக்கோ நின்றது. அதே ஆண்டு மலேசியக் கொக்கோ வாரியமும் பணியைத் தொடங்கியது.

புளிப்பும் ஊதாவும்

அறுத்த விதை உடனே கொக்கோ ஆகிவிடாது. அதைப் பெட்டியில் ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். முதலில் சதையின் சர்க்கரையை ஈஸ்ட் கள்ளாக்குகிறது. பெட்டியைக் கிளறிக் காற்று புகுந்ததும் கள் காடியாகிறது. சூடு 45 முதல் 50 டிகிரி வரை ஏறுகிறது. அந்தச் சூட்டிலும் காடியிலும் விதை சாகிறது. அறைகளின் சுவர்கள் உடைகின்றன. ஊதாப் பையில் இருந்ததெல்லாம் வெளியே ஒழுகி, நொதியோடும் காற்றோடும் சேர்ந்து பழுப்பாகிறது. இன்னொரு பக்கம் புரதம் சிதைந்து, பிறகு வறுக்கும்போது சாக்லெட் மணம் எழுவதற்கான மூலப்பொருள்கள் உருவாகின்றன. மணமும் பழுப்பும் பிறக்கும் அதே நாள்களில் துவர்ப்பு குறைகிறது. சில ஆய்வுகளில் எபிகேட்டசினில் பத்தில் ஒன்பது பங்கு வரை இந்தக் கட்டத்தில் அழிந்ததாகத் தெரிகிறது.

மலேசியக் கொக்கோவுக்கு இங்கே ஒரு தலைவலி காத்திருந்தது. இந்நாட்டுக் காயில் விதையைச் சுற்றிய சதை தடிப்பு. சாறு அதிகம், சர்க்கரை அதிகம், ஆகவே காடியும் அதிகம். கானாவின் சிறு விவசாயி வாழையிலையில் சிறு குவியலாக மூடி வைத்து, வெயிலில் மெதுவாகக் காயவைப்பார். காடியில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். இங்கே பெரிய ஆழமான பெட்டிகளும், மழைக்குப் பயந்து கட்டிய சூட்டு உலர்த்திகளும். வேகமாகக் காய்ந்த விதைக்குள் புளிப்பு சிறைப்பட்டது. உலகச் சந்தையில் மலேசியக் கொக்கோ என்றாலே புளிப்பு என்ற பெயர் வந்தது. விலையைக் குறைத்தே வாங்கினார்கள். விதையை அள்ளிய தொழிலாளியின் வியர்வையில் குறை இல்லை. குறை பெட்டியின் ஆழத்தில் இருந்தது.

இதைச் சரிசெய்ய உழைத்தவர்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீலும் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து 1989, 1990ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டு எளிய வழிகளைக் காட்டின. அறுத்த காயைச் சில நாள் உடைக்காமல் வைத்திருப்பது ஒன்று; சதை தானே வற்றும். உடைத்த விதையைப் பெட்டியில் போடுமுன் மெல்லிய அடுக்காகப் பரப்பி நீரை ஆறவிடுவது மற்றொன்று. இரண்டுமே சதையின் அளவைக் குறைத்துக் காடியைக் கட்டுப்படுத்தின. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் ஜினாப் செலாமாட்டும் பல நாட்டுக் கொக்கோக்களின் அமிலத்தை ஒப்பிட்டு 1990ல் எழுதினார்.

அந்தக் காலத்தில் தரம் பார்க்கும் முறையையும் சொல்லவேண்டும். முந்நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் வெட்டி, நிறத்தைப் பார்ப்பார்கள். பழுப்பு என்றால் நன்றாகப் புளித்தது. சாம்பல் நிறம் என்றால் புளிக்கவே இல்லை. ஊதா என்றால் அரைகுறை. ஊதா விதை அதிகமானால் மூட்டையின் மதிப்பு இறங்கும். இன்று எந்தப் பொருளுக்காகக் கொக்கோவைப் புகழ்கிறார்களோ, அந்தப் பொருளின் அடையாளம் அன்றைய கணக்கில் ஒரு குறை. இன்றும் அந்தச் சோதனையில் குறைதான். சுவைக்காக வாங்குபவருக்கு அது நியாயமான கணக்கும்கூட.

மரம் போனது, ஆலை நின்றது

புளிப்புக்கு விடை கிடைத்த நேரத்தில் மரத்துக்கே ஆபத்து வந்தது. கொக்கோக் காய் துளைப்பான் என்னும் சிறு அந்துப்பூச்சி 1980ல் சபாவில் தென்பட்டது. 1986ல் மலாக்காவுக்கு வந்தது. அங்கிருந்து ஜொகூர் எல்லை கூப்பிடு தூரம். இந்தப் புழு செய்யும் வேலை நுட்பமானது. காவல் அறைகள் இருக்கும் பருப்பை அது தொடுவதில்லை. காய்த்தோலைத் துளைத்து உள்ளே போய், இனிப்புச் சதையையும் விதையைக் காயோடு இணைக்கும் தண்டையும் தின்கிறது. விதைகள் சூம்பி, ஒன்றோடொன்று ஒட்டி, கல்லாகிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் புளிக்க வைக்கவும் வழியில்லை. மரம் இத்தனை கவனமாக அடைத்து வைத்த துவர்ப்பு, சுற்றிப்போன எதிரியின் முன் பயனற்றுப் போனது.

பூச்சியோடு விலை வீழ்ச்சியும் சேர்ந்தது. 1980களின் முடிவிலிருந்து உலக விலை சரிந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், வருமானம் உறுதி. தோட்ட நிறுவனங்கள் கொக்கோவை வெட்டிவிட்டுச் செம்பனையை நட்டன. சிறுதோட்டக்காரர்களும் அதே வழியில் போனார்கள். 2020களில் நாட்டின் ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. 2024ல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்து, உலக விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, அதை அனுபவிக்க இங்கே மரம் இல்லை.

ஆனால் ஆலைகள் நின்றன, வளரவும் செய்தன. பாசிர் கூடாங்கில் குவான் சோங், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் ஜேபி கொக்கோ என்று, ஆசியாவின் பெரிய கொக்கோ அரைவை ஆலைகள் சில ஜொகூரில்தான் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் விதையை வறுத்து, அரைத்து, வெண்ணெயையும் தூளையும் பிரித்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் கம்பிர்க் கட்டிகள் வெளியேறிய அதே ஜொகூர் நீரிணை வழியாக இன்று கொக்கோத் தூள் வெளியேறுகிறது.

அழுத்தி வெண்ணெயைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு 1828ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்றது. அதே குடும்பத்தின் பெயரோடு இன்னொரு முறையும் சேர்ந்தே வழங்குகிறது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற ஒரு காரப்பொருளை, ஆப்பச்சோடாவின் உறவை, கொக்கோவில் சேர்த்துப் புளிப்பையும் துவர்ப்பையும் தணிப்பது அது. தூளின் நிறம் கறுக்கும். பாலில் எளிதில் கலக்கும். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் அதுதான் விருப்பம். துவர்ப்புப் பொருள்கள் காரத்தைத் தாங்குவதில்லை. 2008ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு விற்பனைத் தூள்களை அளந்து பார்த்தது. காரம் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரி 34.6 மில்லிகிராம் ஃபிளவனால். மிகுதியாகக் காரம் சேர்த்ததில் 3.9 மில்லிகிராம். பெட்டியில் ஒரு பங்கு, வறுப்பில் ஒரு பங்கு, காரத்தில் ஒரு பங்கு என்று காவல் அறையின் சொத்து படிப்படியாகக் கரைந்துவிடுகிறது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. வாங்குபவர் கேட்டது கறுப்பு நிறமும் மென்மையான சுவையும்.

டப்பாவின் மேல் எழுதியிருப்பது

சாக்லெட் மருந்தானது எப்படி? பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் கூனா பழங்குடியினரிடம் முதுமையிலும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹொலன்பெர்க் 1997ல் எழுதினார். அதே மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் அழுத்தம் ஏறியது. தீவில் அவர்கள் நாள்தோறும் கோப்பை கோப்பையாகக் கொக்கோ குடித்தனர். ஹொலன்பெர்க்கின் கவனம் அந்தக் கொக்கோவின் மேல் விழுந்தது. தொடர்ந்து நடந்த சோதனைகளில், ஃபிளவனால் நிறைந்த கொக்கோ இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது தெரிந்தது. 2012ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, நாளுக்கு 200 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால் குழாய்களின் நெகிழ்ச்சிக்கு உதவும் என்று ஏற்றது. நம் நாட்டில், புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியக் கொக்கோவின் சாரத்தை நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்து, சர்க்கரை அளவு குறைந்ததை 2005ல் பதிவு செய்தனர். எலியிடம் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது.

பெரிய சோதனை 2022ல் முடிவு சொன்னது. அமெரிக்காவில் 21,442 முதியவர்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால், மற்றொரு பாதிக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்பில் தெளிவான வேறுபாடு நிறுவப்படவில்லை. இதய நோயால் நேர்ந்த இறப்பு மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் சேதிதான், ஆனால் முழு வெற்றி அன்று. அவர்கள் விழுங்கியது சர்க்கரை சேர்க்காத சாரம் அடைத்த மாத்திரை, சாக்லெட் கட்டி அன்று என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அந்த 500 மில்லிகிராமைத் தூளில் தேடினால் என்ன ஆகும்? மேலே கண்ட அளவுகளை வைத்துப் பார்த்தால், காரம் சேர்க்காத தூளில் சுமார் 15 கிராம் போதும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி. மிகுதியாகக் காரம் சேர்த்த தூளில் 128 கிராம் வேண்டும். அதை விழுங்கவே முடியாது. பால் சாக்லெட்டிலும், கொக்கோ வாசம் காட்டும் இனிப்புப் பான மாவிலும் கொக்கோவின் பங்கே சிறிது. அவற்றில் சர்க்கரையைத்தான் முதலில் எண்ணவேண்டும்.

இந்தக் கணக்கு மலேசிய இந்தியர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. காலையில் பிள்ளைக்குக் கலக்கும் கோப்பையிலும், தாத்தாவுக்கு யாரோ அன்போடு வாங்கி வரும் ‘கறுப்பு சாக்லெட்’டிலும், நல்ல பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, சர்க்கரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை நிறம் காட்டாது. கறுப்பாக இருந்தால் சத்து அதிகம் என்ற நம்பிக்கை தூளின் விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழ். காரம் சேர்த்ததால் கறுத்த தூள் அது. வெளிறிய செம்பழுப்பில் கொஞ்சம் துவர்க்கும் தூளில்தான் விதையின் பழைய சொத்து அதிகம் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

2023 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதய நலம் பற்றிய ஒரு வாசகத்தைக் கொக்கோப் பொட்டலத்தில் அச்சிட வரையறுத்த அனுமதி தந்தது. சான்று மிகக் குறைவு என்பதையும் அந்த வாசகத்திலேயே சொல்லவேண்டும். இயற்கையாகக் காக்கப்பட்ட ஃபிளவனால் நூற்றுக்கு நான்கு பங்காவது உள்ள தூளுக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரணக் கொக்கோத் தூளுக்கு இல்லை. சாக்லெட்டுக்கும் இல்லை.